பாட்டி பேச்சைக் குறைத்துக்கொண்டது ஏன்?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கும் திண்ணைகளில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருத்தியாவது உட்கார்ந்திருப்பாள். கட்டைவிரல் காயை உடைத்துக்கொண்டே இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும். ஒரு காலத்தில் ஊர்க்கதை முழுக்க அவளிடம்தான் வந்து சேரும். இப்போது பேரப்பிள்ளைகள், பழைய தோழி ஒருத்தி, முடிந்தால் பௌர்ணமிக்கு அண்ணாமலை. "வயசாயிடுச்சு, எதுலயும் புடிப்பு இல்ல" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த ஒதுக்கத்துக்குள் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருக்கலாம்.

சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் லார்ஸ் டோர்ன்ஸ்டாம் 1989-இல் இதைத்தான் சொன்னார். நடுவயதுக்காரர்களின் அளவுகோலான வேலை, சுறுசுறுப்பு, கூட்டம் ஆகியவற்றை வைத்தே முதுமையை அளந்துகொண்டிருக்கிறோம் என்பது அவர் குறை. முதியவர்களிடமே கேட்டபோது அவருக்கு வேறொரு சித்திரம் கிடைத்தது. வெற்றுச் சகவாசத்தில் நாட்டம் குறைகிறது, தனிமை இனிக்கிறது, சாவு பற்றிய பயம் தணிகிறது, முன்னோரோடு உறவு நெருக்கமாகிறது. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் இருந்த சுவர் கரைகிறது. இதை நம்மவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் தடி ஊன்றி இருமும் கிழவர் ஒருவர், சிறு வயதில் மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்ததை நினைத்து ஏங்குகிறார். பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். அந்தக் கிழவரை நினைவு தப்பியவர் என்று யாரும் சொல்லமாட்டோம்.

இது ஏன் நடக்கிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்லும் விடை என்னை அசர வைத்தது. உடம்பின் வயதைவிட, எதிரே மிச்சமிருப்பதாக நாம் உணரும் காலமே இதற்குப் பெரிய காரணம் என்கிறார். அரைமணி நேரம் கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள், வீட்டு மனிதரோடா, நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவரோடா, புதிதாக அறிமுகமானவரோடா என்று அவருடைய ஆய்வுகளில் கேட்டார்கள். முதியவர்கள் பெரும்பாலும் வீட்டு மனிதரையே தேர்ந்தார்கள். சீக்கிரமே தொலைதூரம் குடிபெயரப் போவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னதும் இளைஞர்களும் அதையே தேர்ந்தார்கள். புதிய மருத்துவத்தால் இன்னும் 20 ஆண்டு கூடுதலாக வாழலாம் என்று சொன்னதும் முதியவர்களின் அந்தச் சாய்வு மறைந்துபோயிற்று. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் போகவிருந்த சமயம், அங்கிருந்த இளைஞர்களின் மனமும் முதியவர்களின் மனத்தைப் போலவே சாய்ந்தது. காலம் குறைவு என்று தெரிந்தால் மனசு தானாகவே வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பாட்டி எதையும் இழந்துவிடவில்லை, பொறுக்கி எடுக்கிறாள்.

திருவண்ணாமலையில் இதற்குக் கண்முன்னே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ரமண மகரிஷியின் தாயார் அழகம்மாள் 1892-இல் கணவரை இழந்தவர். 1898-இல், வீட்டை விட்டு வந்துவிட்ட மகன் இருந்த பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று மகனிடம் அழுதார். மகன் அசையவில்லை. 1900-இல் மூத்த மகனையும் பறிகொடுத்தார். 1916-இல் மலைக்கே வந்து மகனோடு தங்கி, கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். வெங்காயம்கூட ஆகாது என்று ஆசாரம் பார்த்தவர். வெங்காயம் முக்திக்கே பெரிய தடை அல்லவா என்று மகன் கேலி செய்வாராம். அப்பளம் இட ஒரு கை கொடு என்று அவர் கூப்பிட்டதற்கு மகன் கொடுத்தது 'அப்பளப் பாட்டு'. அதில் இடிபடும் உளுந்து, 'நான்' என்னும் செருக்கு. மாவில் சேரும் பிரண்டைச் சாறு, நல்லோர் சேர்க்கை. அந்தத் தாயின் மனசுக்குள் நடந்ததை அளந்து பார்க்க யாரிடமும் கருவி இல்லை. மகனைத் திருப்பி அழைக்க வந்தவர், மகன் போன வழியிலேயே நடந்து முடித்தார் என்பது மட்டும் தெரிகிறது. 1922 மே 19-இல் மறைந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதி அமைந்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமமே எழுந்தது.

இந்த முதிர்ச்சி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தீராத வலி, பசி, அவமானம், நாள் முழுக்கத் தொலைக்காட்சிச் சத்தம் இவற்றுக்கு நடுவே மனசு உள்ளே திரும்ப வழியில்லை. ஒதுங்குவதெல்லாம் ஞானம் என்று விட்டுவிடவும் கூடாது. சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், பேரன் வந்தாலும் முகம் மலராமல், செத்தால் தேவலை என்று புலம்பினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையால் தேறக்கூடியது. வயசுதானே என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், உங்கள் வீட்டுப் பெரியவர் சும்மா உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருந்தால், "ஏன் இப்படியே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பழைய கதையை எத்தனையாவது முறை சொன்னாலும் கடைசிவரை கேளுங்கள்.