கம்ப்ரஸரை நிறுத்தியது யார்?

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஜில்லென்று ஓடிய கார் ஏசி, திடீரென வெறும் காற்றை ஊதுகிறது. ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி குளிர்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் அங்கே சமர்த்தாக ஓடுகிறது. இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறில் பழி முதலில் கம்ப்ரஸர் மேல்தான் விழும். செலவு வைக்கும் பாகம் அது. மாற்றுவதற்கு முன், அது தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.

பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரஸரை ஓட்டுவது எஞ்சினின் பெல்ட்தான். எஞ்சின் ஓடும்வரை புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் உள்ள தட்டை மின்காந்தக் காயில் இழுத்துப் புல்லியோடு ஒட்டவைத்தால்தான் கம்ப்ரஸர் சுழலும். இந்த அமைப்புக்குத்தான் கிளட்ச் என்று பெயர். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களான 1940 மாடல் பேக்கார்டில் இது கிடையாது. ஏசி வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது.

இன்று கிளட்சுக்கு மின்சாரம் கொடுப்பதும் வெட்டுவதும் காரின் கம்ப்யூட்டர். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுகிறது; கேஸ் போதாமல் ஓடினால் உள்பாகங்கள் உராய்ந்து கெடும். அதனால் அழுத்தம் மிகவும் குறைந்தால் வெட்டு. அழுத்தம் எல்லை மீறினாலும், எஞ்சின் அளவுக்கு மேல் சூடானாலும், கூலிங் காயிலில் பனி கட்டும் நிலை வந்தாலும் வெட்டு.

எனவே ஏசி எப்போது நிற்கிறது என்பதே பாதித் துப்பு. சிக்னலில் நிற்கும்போது குளிர் போய், வண்டி வேகமெடுத்ததும் திரும்பினால் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை கிளட்ச் ‘டக், டக்’ என்று ஒட்டி விலகினால் கேஸ் குறைவாக இருக்கலாம். கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றால் கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது வீண்செலவு.

டீக்கடைக் கோளாறுக்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். காற்றின் வேகமே குறைந்துபோயிருந்தால் கூலிங் காயிலில் பனி படிந்து வழியை அடைத்திருக்கும். வண்டி நிற்கும் நேரத்தில் அது உருகிவிடும். வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் கேபின் ஃபில்டரையும் சோதிக்க வேண்டும்.

காற்று வேகமாகவே வந்து, குளிர் மட்டும் இல்லையென்றால் கிளட்சைச் சந்தேகிக்கலாம். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி பல வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான். வருடக்கணக்கில் தேய்ந்து அது அகலும். கிளட்சின் மின்காந்தக் காயிலில் இருப்பதோ செம்புக் கம்பி. சூடேற ஏற அதன் மின்தடை கூடும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் மின்தடை ஏறக்குறைய 30 சதவீதம் உயரும், ஓடும் மின்சாரம் ஏறக்குறைய கால்பங்கு குறையும். காந்தமும் அதற்கேற்ப வலுவிழக்கும். குளிர்ந்த எஞ்சினில் தட்டை எட்டி இழுத்த அதே காந்தத்துக்கு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எட்டாமல் போகிறது.

இதை உறுதிசெய்யக் கோளாறு வந்திருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். சுழலும் பெல்ட்டுக்கு அருகில் கை வைக்க வேண்டிய வேலை என்பதால் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. கிளட்ச் வயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டியும் தட்டு ஒட்டவில்லையென்றால் குறை கிளட்சில். பல கிளட்சுகளில் ஒரு மெல்லிய வாஷரை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே சரியாகிவிடும். மின்சாரமே வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், வயரிங் என்று பின்னோக்கித் தேட வேண்டும்.

கிளட்ச் ஒட்டி, தட்டு சுற்றியும் குளிரவில்லையென்றால்தான் கம்ப்ரஸரின் முறை வருகிறது. கேஜ் மாட்டினால், நல்ல கம்ப்ரஸரில் தாழ்பக்கம் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்பக்கம் வெயிலைப் பொறுத்து 200 பிஎஸ்ஐயை ஒட்டியோ அதற்கு மேலோ காட்டும். போதிய கேஸ் இருந்தும் தாழ்பக்கம் ஏறி, உயர்பக்கம் இறங்கி, இரண்டும் நெருங்கி நின்றால் உள்ளே அமுக்கும் வலு போய்விட்டதென்று கருதலாம். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சே இல்லை. அங்கே உள்ளிருக்கும் கன்ட்ரோல் வால்வையும் சோதித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ‘ஏசி சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம் ஓடிய பின் நின்றது, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றிருந்ததா, காற்றின் வேகம் குறைந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள். தேவையில்லாமல் ஒரு கம்ப்ரஸர் வாங்குவதை அந்தப் பதில்களே தடுத்துவிடலாம்.