வாசித்துக் காட்டப்படாத பதிவேடு

'மஸ்டர் ரோல்' என்னும் சொல்லுக்கு இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம் குடும்பங்களில் விளக்கம் தேவைப்படாது. துறைமுகத்திற்கோ தொழிற்சாலைக்கோ அன்றாடக் கூலியாகச் சென்ற ஒருவரேனும் இல்லாத வீடு இங்கே அரிது. இன்னார் இன்ன நாளில் வேலைக்கு வந்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று எழுதி, கையொப்பமோ கைநாட்டோ வாங்கும் ஏடு அது. ஏழையின் உழைப்பிற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியே பொய் சொன்னால்?

சென்னை மாநகராட்சியில் அப்படித்தான் நேர்ந்தது. கூலிப் பதிவேடுகளில் பொய்க் கணக்கு எழுதப்பட்டதாக எழுந்த மஸ்டர் ரோல் ஊழலைத் தொடர்ந்து, 1973 டிசம்பர் முதல் நாள் அரசு மாமன்றத்தைக் கலைத்தது. நல்ல தண்டனைதானே என்று தோன்றலாம். ஆனால், அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது! ஏறத்தாழ 23 ஆண்டுகள் அலுவலர்களே மாநகராட்சியை நடத்தினர். குடிநீர் வராவிட்டாலும் குப்பை அள்ளாவிட்டாலும் சென்று கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என ஒருவர் இல்லை. ஊழல் செய்த கையைக் கட்டப்போய், கேள்வி கேட்கும் வாயையும் அன்றோ அடைத்துவிட்டார்கள்!

இதே நோய்க்கு இராஜஸ்தானத்து ஏழைகள் வேறொரு மருந்து கண்டனர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர், உழவர் அமைப்பினர், 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்துக் கோட் கிரானா சிற்றூரில் மக்களைக் கூட்டி, ஊராட்சிப் பணிகளின் மஸ்டர் ரோலை உரக்க வாசித்தனர். இவர் அந்நாளில் வேலைக்கு வந்தாரா, இந்தக் கூலியைப் பெற்றாரா என்று கூடியிருந்தவர்களையே கேட்டனர். பெயருக்கு உரியவர் எதிரிலேயே அமர்ந்திருக்கும்போது பொய்க் கணக்கு எப்படி நிற்கும்? அத்தகைய கூட்டங்கள் பலவாயின. ஏடுகளின் நகல் வேண்டுமென்று 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் அறப்போர் நடந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்ததற்கு அந்த எளியோரின் குரல் ஒரு முக்கியக் காரணம்.

அச்சட்டத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். எனினும், பத்து ரூபாய்க் கட்டணத்தில் அது தருவது வெறும் கடிதப் பதில் மட்டும் என்றே எண்ணுகிறோம். பணி நடக்கும் இடத்தைப் பார்வையிடலாம். அளவுப் புத்தகத்தின் நகலைப் பெறலாம். பயன்படுத்தும் சிமென்டுக் கலவையின் சான்றிட்ட மாதிரியையும் கேட்டுப் பெறலாம். பொதுவாக 30 நாளில் விடையளிக்க வேண்டும்.

அடுத்து, கூடிப் பேசும் இடம். மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் கூறியது. தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. திருவொற்றியூரும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாய் இருந்தவை என்பதை இங்கே நினைக்க வேண்டும். மாநகராட்சியோடு இணைந்தபின் ரிப்பன் மாளிகை நமக்குச் சற்று எட்டாத் தொலைவாயிற்று. பகுதி சபையோ நம் தெருவுக்கே வருவது. அதன் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள் என்பது பெருங்குறை. ஆயினும் கூட்டத்திற்கு வந்து கேட்க வாக்காளர் எவருக்கும் தடையில்லை.

தனியாகக் கேட்பவருக்கு இடையூறு உண்டு என்பதை மறைக்க வேண்டாம். தகவல் கேட்டதற்காக உயிரிழந்தோரும் இந்நாட்டில் உளர். கோட் கிரானாவில் ஊரே கூடிக் கேட்டதன் பொருள் அதுவே. ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டால் யாரை மிரட்டுவது?

மழைநீர் வடிகால் தோண்டத் தொடங்கும் நாளே விண்ணப்பம் எழுதுவது நலம். மேல்மூடி போட்டபின் அதன் ஆழத்தை அளக்க எவராலும் இயலாது.