பாட்டரியைக் காலி செய்தது யார்?

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கார் பழையது, ஆனால் சொந்தக் கார். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"செல்ஃப் எடுக்கவில்லை சார். ஆஸ்பத்திரிச் சவாரி. கொஞ்சம் தள்ளிவிட்டால் கிளம்பிவிடும்" என்றார்.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினோம். கார் கிளம்பியது. மாலையில் திரும்பி வந்தவர் முகத்தில் கவலை. "இந்த பாட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. முந்தியது ஒரு வருஷத்தில் போய்விட்டது. பட்டறையில் கேட்டால், இதுவும் போய்விட்டது, புதிது போடு என்கிறார்கள். நாலாயிரம் ரூபாய்க்கு எங்கே போவேன்? தினமும் ஓடினால் தொந்தரவே இல்லை சார். இரண்டு நாள் சும்மா நின்றால்தான் இப்படி."

மாணவ நண்பர்களே, அவர் கடைசியாகச் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளியைப் பிடிக்க அது உதவும்.

முதலில், பாட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிரான்சு நாட்டு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளான்ட்டே 1859இல் இதை உருவாக்கினார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் இரண்டு வகைத் தகடுகள் நிற்கின்றன. எதிர்மின் தகட்டில் இருப்பது காரீயம். நேர்மின் தகட்டில் இருப்பது காரீய டை ஆக்சைடு. மின்னோட்டம் வெளியே பாயும்போது அமிலம் இரண்டு தகடுகளோடும் வினைபுரிகிறது. இரண்டின் மேலும் காரீய சல்பேட் படிகிறது, நீர் உண்டாகிறது. மின்னேற்றம் செய்யும்போது இதே வினை திரும்ப நடந்து, எல்லாம் பழைய நிலைக்கு வருகிறது.

பாட்டரி இறங்க இறங்க அமிலம் குறைந்து நீர் கூடுகிறது அல்லவா? ஆகவே திரவத்தின் ஒப்படர்த்தியும் குறையும். முழுமையாக ஏறிய பாட்டரியில் அது 1.25க்கும் 1.28க்கும் இடையில் இருக்கும். 1.12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. ஹைட்ராமீட்டரை உள்ளே விட்டுத் திரவத்தை உறிஞ்சினால், பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துவிடும். இன்னொரு எளிய கணக்கும் உண்டு. ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால், ஓய்வில் இருக்கும் ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறத்தாழக் கிடைக்கும். 1.26 என்றால் 2.10 வோல்ட். கார் பாட்டரியில் ஆறு அறைகள் தொடராக இணைந்துள்ளன. எனவே மொத்தம் 12.6 வோல்ட்.

இனி நம் வழக்குக்கு வருவோம். உங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் காலையில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் என்ன? தொட்டியில் விரிசல் இருக்கலாம். மோட்டார் சரியாக நிரப்பாமல் இருக்கலாம். எங்கோ ஒரு குழாய் இரவெல்லாம் ஒழுகியிருக்கலாம். அல்லது தொட்டி நிறைய நீர் இருந்தும், இறங்கும் குழாயில் அடைப்பு இருக்கலாம். தண்ணீர் வரவில்லை என்பதற்காக உடனே புதுத் தொட்டி கட்டுவோமா? பாட்டரிக்கும் இதே நான்கு கேள்விகள்தாம்.

"அடுத்த முறை செல்ஃப் எடுக்காதபோது தள்ளாமல் என்னைக் கூப்பிடுங்கள்" என்று நண்பரிடம் சொல்லிவைத்தேன். நோய் இருக்கும்போதுதானே நோயாளியைச் சோதிக்க வேண்டும்! அடுத்த ஞாயிறு காலையிலேயே அழைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

முதல் கேள்வி, அடைப்பு. டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. இதை அற்பமாக எண்ணக்கூடாது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 150 ஆம்பியர் தேவை என்று கொள்வோம். அந்த உப்பின் மின்தடை 0.05 ஓம்தான் என்றாலும், ஓம் விதிப்படி 150 ஆம்பியர் பாய முயன்றால் 7.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். பிறகு மோட்டார் எப்படிச் சுழலும்? எதிர்மின் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மீண்டும் இறுக்கினோம். அப்போதும் செல்ஃப் எடுக்கவில்லை. அடைப்பு மட்டும் காரணமல்ல.

எதிர்மின் கம்பியை ஏன் முதலில் கழற்ற வேண்டும்? காரின் உடல் முழுவதும் அந்த முனையோடு இணைந்திருக்கிறது. நேர்மின் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடலில் பட்டால், குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பெரும் பொறி பறக்கும். பாட்டரி மின்னேற்றம் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். பொறி பட்டால் அது வெடிக்கும். அமிலம் கண்ணில் தெறிக்கும். ஆகவே இந்தச் சோதனைகளைத் தனியாகச் செய்யாதீர்கள். விவரமறிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அவசியம்.

இரண்டாவது கேள்வி, தொட்டியில் விரிசல். ஆறு மூடிகளையும் திறந்தோம். திரவம் தகடுகளுக்கு மேல் இருந்தது. குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்க வேண்டும்; குழாய் நீர் கூடாது, அமிலமும் கூடாது. ஹைட்ராமீட்டர் ஆறு அறைகளிலும் 1.16 காட்டியது. வோல்ட்மீட்டரில் 12.0. பாட்டரி இறங்கியிருக்கிறது, ஆனால் ஆறும் சமமாக இறங்கியிருக்கின்றன. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைவாகக் காட்டியிருந்தால், அந்த அறை கெட்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். இங்கே அப்படி இல்லை.

இது 35 ஆம்பியர்-மணி பாட்டரி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர் மின்னோட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பத்து மணி நேரம் மின்னேற்றினோம். பிறகு எதனோடும் இணைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓரமாக வைத்தோம். மறுநாள் பார்த்தால் ஒப்படர்த்தி 1.26; மின்னழுத்தம் 12.6 வோல்ட். தனியாக இருக்கும்போது மின்னேற்றம் போகவில்லை! "அப்படியென்றால் பாட்டரி நல்லதுதானே?" என்று சிறுமி கேட்டாள். அவள் கேட்டது சரி.

மூன்றாவது கேள்வி, மோட்டார் நிரப்புகிறதா? பாட்டரியைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டு, முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தோம். 14.1 வோல்ட். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். பெல்ட் தளர்ந்திருந்தால் இது குறைந்திருக்கும். தினமும் ஓடினால் தொந்தரவில்லை என்று நண்பர் சொன்னதற்கும் இது பொருந்துகிறது.

மிஞ்சியது நான்காவது கேள்வி, ஒழுகும் குழாய். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவுகளையெல்லாம் மூடினோம். எதிர்மின் கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் முனைக்கும் நடுவே 10 ஆம்பியர் வரை அளக்கும் அம்மீட்டரைத் தொடராக இணைத்தோம். இந்த நிலையில் காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டர் எரிந்துவிடும். எல்லாம் அணைந்திருக்கும்போது கடிகாரம் போன்றவற்றுக்காக 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை பாயலாம். எங்கள் மீட்டர் காட்டியதோ 0.45!

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்தினோம். நான்காவது ஃபியூஸைக் கழற்றியதும் முள் 0.03க்கு இறங்கியது. அது உள்விளக்குகளுக்கான ஃபியூஸ். ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லையே!

"டிக்கி விளக்கு?" என்றாள் சிறுமி. டிக்கியைத் திறந்தால் அது எரியத்தான் செய்யும். மூடினால் அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அப்பாவின் கைப்பேசியை வாங்கி, வீடியோ எடுக்கும்படி வைத்து டிக்கிக்குள் போட்டு மூடினாள். எடுத்துப் பார்த்தோம். மூடிய டிக்கிக்குள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது! மூடும்போது அதை அணைக்க வேண்டிய சின்ன ஸ்விட்ச் துருவேறிச் சிக்கிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 வாட் விளக்கு; 12 வோல்ட். 5ஐ 12ஆல் வகுத்தால் 0.42 ஆம்பியர். மற்றவற்றின் 0.03ஐச் சேர்த்தால் 0.45. மீட்டர் சொன்னது சரியாகப் போயிற்று. 48 மணி நேரத்தில் 21.6 ஆம்பியர்-மணி போய்விடும். 35இல் மிச்சம் பாதிகூட இல்லை. இரண்டு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காததன் மர்மம் இதுதான்.

முந்தைய பாட்டரி ஓராண்டில் செத்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். இறங்கிய பாட்டரியை அப்படியே விட்டுவைத்தால், தகடுகளில் படிந்த மெல்லிய காரீய சல்பேட் பெரிய படிகங்களாக வளர்ந்து இறுகிவிடும். பிறகு மின்னேற்றினாலும் அது முழுவதும் பழையபடி மாறாது. ஒவ்வொரு முறை காலியாகும்போதும் பாட்டரி கொள்ளளவில் கொஞ்சம் இழக்கிறது. நண்பரின் பாட்டரியும் கொஞ்சம் இழந்துதான் இருக்கும்; அதை நம்மால் மீட்க முடியாது. ஆனால் இனி இழக்காமல் காக்கலாம். துருவைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில் ஸ்விட்ச் சரியாயிற்று. அதன்பின் கார் மூன்று நாள் நின்றும் முதல் திருகலிலேயே கிளம்பியது.

சோதனைகளில் பாட்டரியே கெட்டது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பழையதை உடைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. காரீயம் நச்சு, அதிலும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்தால் அதிலுள்ள காரீயம் மறுபடி பயன்படும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. டிக்கி விளக்கு அணைந்துவிட்டது, 0.03 ஆம்பியர் மட்டும் பாய்கிறது. முழுமையாக ஏறிய இந்த 35 ஆம்பியர்-மணி பாட்டரி பாதியாக இறங்க எத்தனை நாள் ஆகும்? 24க்கு அருகில் விடை வந்தால் சரி. கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் எதிர்மின் கம்பியைக் கழற்றிவிட்டுப் போவது ஏன் என்பதும் இப்போது விளங்கியிருக்குமே!