குளியலறையைப் புதுப்பித்த வணிகர்கள் கவனத்திற்கு: ஷவர் கசிவும் சரக்குச் சேதமும்

கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பில் வாழும் வணிகர்கள் நமது திருவண்ணாமலையில் ஏராளம். பௌர்ணமி கிரிவலத்திற்கும் கார்த்திகை தீபத்திற்கும் வரும் பக்தர்களுக்காக மாடியில் ஓரிரு அறைகளை வாடகைக்கு விடுவோரும் உண்டு. இத்தகையோரில் பலர் இப்போது பழைய குளியலறையை இடித்து, டைல்ஸ் ஒட்டி, ஷவர் வைத்து வருகிறார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலையில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் அதன் பலன் கீழேயுள்ள சரக்கின் தலையில்தான் விடிகிறது.

எனது கடையிலேயே இது நடந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகளில் அடிவரிசை முழுவதும் கட்டி தட்டிப் போயிற்று. சுவரில் ஓதம் ஏறியிருந்தது. மழைத் தண்ணீர் என்று எண்ணி மொட்டை மாடியில் தட்டோடு பதித்தேன். பணம் செலவானதே தவிர ஓதம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், ஷவர் குழாய் சுவருக்குள் சேரும் இடத்திலிருந்த எல்போவில்தான் கசிவு. ஒரு டைல்ஸைப் பெயர்த்ததோடு வேலை முடிந்தது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கியது என் தவறு. அந்தத் தவறு மற்றவர்களுக்கு நேராதிருக்கவே இதை எழுதுகிறேன்.

கசிவைக் கண்டறிய மூன்று சோதனைகள்

எதையும் இடிப்பதற்கு முன் கீழ்க்கண்ட சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் கீழேயுள்ள சரக்கை அப்புறப்படுத்திவிடுங்கள்.

1. இரவுச் சோதனை: படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். கழிவறை பிளஷ் தொட்டிக்குப் போகும் குழாயையும் மூட வேண்டும். மோட்டார் போடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில் கசிவு இருக்கிறது என்று பொருள். மறுநாள் இரவு குளியலறைக்குரிய கேட் வால்வை மூடிப் பார்த்தால், கசிவு குளியலறையிலா வேறிடத்திலா என்பது தெரிந்துவிடும்.

2. பாலிதீன் பைச் சோதனை: மிக்சருக்கு மேலே ஷவர் வரை போகும் குழாயில், ஷவரைத் திறந்தால் மட்டுமே தண்ணீர் ஏறும். ஆகவே அங்குள்ள கசிவு இரவுச் சோதனையில் அகப்படாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஷவர் தலையைச் சுற்றி ஒரு நீண்ட பாலிதீன் பையைக் கட்டி, அதன் அடிமுனையை வெட்டி வாளிக்குள் விடுங்கள். தரையிலும் சுவரிலும் ஒரு சொட்டும் படாதபடி அரைமணி நேரம் தண்ணீரைத் திறந்து, நிரம்பும் வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அதன் பிறகும் கீழே ஈரம் தெரிந்தால் பழுது சுவருக்குள் இருக்கும் குழாயில். ஈரம் இல்லையென்றால் தரையையோ கழிவுநீர் வழியையோ சந்தேகிக்க வேண்டும்.

3. தேக்கிப் பார்க்கும் சோதனை: தரையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்திற்குத் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். தேங்கியிருக்கும்போதே கீழே ஈரம் வந்தால் தரையில் ஓதத்தடுப்புப் பூச்சு சரியில்லை. அடைப்பைத் திறந்து விட்ட பிறகு மட்டும் வந்தால் கழிவுநீர்க் குழாயின் இணைப்பில் குறை.

வழக்கமாக நேரும் தவறுகளும் திருத்தமும்

ஷவர் ஆர்ம் இணைப்பு: பூச்சும் டைல்ஸும் சேர்ந்து சுவரின் கனம் கூடும்போது எல்போ உள்ளே ஆழமாகப் போய்விடுகிறது. ஷவர் ஆர்ம் இரண்டு மூன்று மரைகளில் மட்டுமே பிடித்து நிற்கிறது. இதற்குப் பித்தளை எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்று போட்டால் போதும். பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரை இறுகும் திசையிலேயே டெஃப்ளான் டேப்பைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது அது பிரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் மரையுள்ள எல்போவை ரெஞ்ச் போட்டு முறுக்கினால் விரிசல் விடும். பித்தளை மரை பதித்த எல்போவையே கேட்டு வாங்குங்கள்.

மிக்சர் பொருத்துதல்: சுவரில் பொருத்தும் மிக்சருக்கு வெந்நீர், தண்ணீர் ஆகிய இரு குழாய்வாய்களுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர், அதாவது சுமார் 6 அங்குலம், இடைவெளி வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதும் அவசியம். சிறிய வித்தியாசத்தை மிக்சரோடு வரும் வளைந்த இணைப்புகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் சுவரைத் திறந்து குழாயை மாற்றுவதே நல்லது. வலிந்து இழுத்து மாட்டினால் வாஷர் நிற்காது. வெந்நீர் இடப்புறம், தண்ணீர் வலப்புறம் என்பதே வழக்கம். மாறியிருந்தால் புதிதாக வருபவர் கையைச் சுட்டுக்கொள்வார். அறை வாடகைக்கு விடுவோர் இதைச் சோதிக்கத் தவறக் கூடாது.

சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர்: அதிக ஆழத்தில் பதிந்துவிட்டால் கைப்பிடி மாட்ட இடம் இருக்காது. அதே கம்பெனியின் எக்ஸ்டென்ஷன் வாங்கிப் பொருத்தலாம். அதற்கு மாடல் எண் தெரிய வேண்டும். எனவே பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீர் மெலிந்து வருதல்: இது பெரும்பாலும் ஷவரின் குற்றமன்று. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். தொட்டி நீர் ஷவருக்கு 2 மீட்டர் மேலே மட்டுமே இருந்தால் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கே. அகலமான மழை ஷவரை அங்கே மாட்டிப் பயனில்லை. தொட்டியின் மேடையை உயர்த்துவதும், தொட்டியிலிருந்து குளியலறை வரை அரை அங்குலக் குழாய்க்குப் பதில் ஓர் அங்குலக் குழாய் இறக்குவதும், சிறிய ஷவர் போடுவதும் செலவு குறைந்த வழிகள்.

உப்புப் படிதல்: போர்வெல் தண்ணீர் கடினமாக உள்ள வீடுகளில் ஷவரின் துளைகள் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். ஷவர் தலையைக் கழற்றி, நம் கடையிலேயே விற்கும் வினிகரில் தண்ணீர் கலந்து சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கழிவறை ஆசிட் ஊற்றினால் பளபளப்புப் பூச்சு போய்விடும்.

கீசர் உள்ளவர்களுக்கு

வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது. சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. அல்லது ஜி.ஐ. குழாய் போட வேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடுவோர் உண்டு. இது உயிருக்கே ஆபத்து. எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனமும் கட்டாயம் இருக்கட்டும். குழாயைத் தொட்டால் சிறிது ‘ஷாக்’ அடிக்கிறது என்றாலும் மெயினை அணைத்து எலெக்ட்ரீஷியனை அழைத்துவிட்டுத்தான் மறுவேலை.

புதிதாக வேலை கொடுப்போர்

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குழாய்வாய்களை எல்லாம் மூடி, அழுத்தப் பம்ப் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சி.பி.வி.சி. இணைப்புகளுக்குப் பசை காய்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். குழாய் போகும் பாதையை அளவுகோலுடன் போட்டோ எடுத்து வைத்தால் பிற்காலத்தில் கண்ட இடத்தில் உடைக்க வேண்டியிராது. அதே டைல்ஸில் நாலைந்து மிச்சம் வைத்துக் கொள்ளுங்கள். கூலியில் ஒரு பகுதியை, ஒரு வாரம் உபயோகித்துப் பார்த்தபின் தருவதாக முதலிலேயே பேசிக் கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

பொருளிலோ வேலையிலோ குறை இருந்து, கேட்டும் சரிசெய்யாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் பில் வேண்டும். மேலும், வணிக நோக்கத்திற்காக வாங்கியது இச்சட்டத்தில் பொதுவாக வராது. சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வோருக்கு மட்டும் விலக்கு உண்டு. வாடகை அறைகளுக்கு வாங்குவோர் இதை நினைவில் கொள்க.

மணிலா மூட்டையானாலும் நெல் மூட்டையானாலும், குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் காசு கொடுப்பதில்லை. சுவருக்குள் மறையப் போகும் குழாய்க்கும் அந்த வழக்கத்தையே கைக்கொள்வோம். மூடுமுன் சோதிப்போம், சரக்கைக் காப்போம்.