இறைவனில் மகிழ்வு: தேடலாமா?

இறைவனில் மகிழ்ந்திருக்குமாறு திருவிவிலியம் பலமுறை நம்மை அழைக்கின்றது. வீட்டையும் காணியையும் இழந்து வந்த குடும்பங்களுக்கு இவ்வழைப்பு எதனை உணர்த்துகின்றது? மகிழ்வைத் தேடுவது தன்னலமா? துயரப்படுவது விசுவாசக் குறைவா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வோம்.

1986இல் அமெரிக்க பப்டிஸ்ட் போதகர் ஜோன் பைப்பர் எழுதிய நூலொன்று இதுபற்றிய விவாதத்தைப் பரவலாக்கியது. மனிதர் இறைவனில் நிறைவு காணும்போதே இறைவனின் மகிமை விளங்குகின்றது. ஆகவே அம்மகிழ்வை நாடுவது நமது கடமை என்பது அவரது வாதம். இதில் உண்மை உண்டு. செல்வமோ புகழோ மனித உள்ளத்தை நிறைவிக்க மாட்டா என்பதைப் புனித அகுஸ்தீனாரும் (354–430) தம் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டினார்.

ஆயினும் ஒன்றைச் சேர்த்துக் கூறவேண்டும். மகிழ்வு தனியொரு புண்ணியமன்று, அன்பின் விளைவே என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ் விளக்கினார். விதைக்காமல் கதிரைத் தேடும் கமக்காரர் இல்லை. அன்பை விதைத்தால் மகிழ்வு விளையும். மகிழ்வை மட்டும் துரத்தினால் நமது உணர்ச்சிகளையே வழிபடத் தொடங்கிவிடுவோம்.

இறைவாக்கினர் அபக்கூக்கின் நூலைப் பார்ப்போம். அதில் 3 அதிகாரங்களே உண்டு. மரங்கள் காய்க்காவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், பட்டியும் தொழுவமும் வெறுமையானாலும் தம் மகிழ்வு இறைவனிலேயே என்று இறுதியில் பாடுகின்றார். ஆனால் அந்நூல் பாட்டோடு தொடங்கவில்லை. வன்முறையையும் அநீதியையும் கண்டு இறைவனிடமே முறையிடுவதோடு தொடங்குகின்றது. இறைவன் அவரைத் தள்ளிவிடவில்லை, பதிலளித்தார். முறையிட்டவரே பின்னர் பாடினார்.

ஆகவே அழுவதும், சொந்தக் காணியைக் கேட்பதும் விசுவாசக் குறைவு ஆகா. லாசரின் கல்லறையருகே இயேசுவும் கண்ணீர் விட்டார். மகிழ்ச்சியாயிருங்கள் என்று சொல்லித் துன்புறுவோரின் வாயை அடைப்பது நற்செய்தியன்று. பாப்பரசர் 6ஆம் பவுல் 1975இல் கிறிஸ்தவ மகிழ்வைப் பற்றி ஓர் ஊக்கவுரை வெளியிட்டார். மகிழ்வுக்குத் தேவையான அடிப்படை நலவாழ்வும் பாதுகாப்பும் நீதியும், அவற்றை இழந்தோருக்குக் கிடைக்க யாவரும் ஒன்றுபட்டு உழைக்க வேண்டும் என்பதை அதிலேயே அவர் வலியுறுத்தினார்.

எனவே குடும்பச் செபத்தில் நமது மனத்தாங்கலை மறைக்காமல் இறைவனிடம் சொல்வோம். விதைநெல் இல்லாத அயலவரோடு பகிர்ந்துகொள்வோம். காணி உரிமைக்காகச் சேர்ந்து குரல் கொடுப்போம். இறைவன் தரும் மகிழ்வு இவ்வன்புப் பணிகளின் நடுவே, கண்ணீர் காயுமுன்னரே கூட, நம்மிடம் வந்து சேரும்.