புகையும் சருமமும்

சிகரெட்டினால் நுரையீரலுக்கு நேரும் கேட்டை வைத்தியர்கள் எடுத்துச் சொல்லாத நாளில்லை. பெட்டியின் மேலேயே சர்க்கார் கோரமான படங்களை அச்சிடச் செய்திருக்கின்றனர். ஆயினும் நமது வாலிபர்கள் அஞ்சியதாகக் காணோம். ஐம்பது வயதில் வரக்கூடிய மரணம் இருபது வயதுப் பிள்ளைக்கு அயல்வீட்டுச் சங்கதியாகவே தோன்றும். ஆகவே, அவன் தினமும் கண்ணாடியில் கண்டு மகிழும் முகத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் ட்வின்ஸ்பர்க் என்றோர் ஊர் உண்டு. வில்காக்ஸ் என்னும் இரட்டைச் சகோதரர் நிமித்தம் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1976-ம் வருஷத்தில் அங்கே இரட்டையர் திருவிழா ஒன்று தொடங்கிற்று. அதற்கு வந்தோரில், உருவில் ஒத்து, புகைப் பழக்கத்தில் வேறுபட்ட 79 ஜோடிகளைச் சில ரண சிகிச்சை வைத்தியர்கள் படம் பிடித்து ஆராய்ந்தனர். ஒருவர் குடிப்பவர், மற்றவர் குடியாதவர்; அல்லது ஒருவர் மற்றவரைக் காட்டிலும் ஐந்து வருஷமேனும் அதிகமாகக் குடித்தவர். படங்களை மதிப்பிட்டவர்களுக்கு யார் குடிப்பவர் என்பது தெரிவிக்கப்படவில்லை.

2013-ம் வருஷத்தில் முடிவு வெளியாயிற்று. புகை குடித்தவருக்கே இமை தளர்ந்திருந்தது. கண்ணின் கீழ்ப் பை தொங்கிற்று. மேலுதட்டில் சுருக்கம் மிகுந்திருந்தது. தாடையோரச் சதை சரிந்திருந்தது. நெற்றிக் கோடுகளில் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை என்பதையும் மறையாது கூறுகிறோம். ஒரே தாய் வயிற்றில் ஒரே கருவாய் உதித்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு மூத்தவர்போல் ஆவதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல இடமேது?

காரணம் ரத்தத்தில் இருக்கிறது. நிகோடின் சருமத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு, ரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நாரைச் சிதைக்கும் பொருளும் உடலில் அதிகரிக்கிறது. புண் ஆறுவதும் தாமதிக்கிறது. ரண சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே புகையை நிறுத்துமாறு வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே. உள்ளே பட்டினி கிடக்கும் சருமத்துக்கு மேலே வாசனைக் களிம்பு பூசிப் பயனென்ன? வெயிலும் தோலைக் கெடுப்பது மெய்யே. ஆனால் வெயிலில் நிற்பது உழைப்பாளிக்கு விதி, புகை அப்படியன்று.

முகச் சுருக்கம் அற்ப விஷயமென்று அன்பர்கள் நகைக்கலாம். ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் குழாய் சுருங்குவது முகத்தோடு நிற்பதில்லை. 1908-ம் வருஷத்தில் லியோ பர்ஜர் என்னும் வைத்தியர் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் நோயொன்றுண்டு. அது பெரும்பாலும் புகையிலைப் பழக்கமுள்ள நடுவயதுக்குட்பட்ட ஆண்களையே பற்றுகிறது. நம் நாட்டில் பீடி குடிக்கும் ஏழைத் தொழிலாளரிடம் அதைக் காண்கிறோம். கை கால்களின் ரத்தக் குழாய்கள் அடைபட்டு, கால் விரலின் தோல் வெளிறிக் குளிர்ந்து, ஆறாப் புண்ணாகி, இறுதியில் கருத்து அழுகுகிறது. குடும்பத்துக்குச் சோறு போடும் கால் வெட்டுண்டு போகிறது. பீடியைக் குறைத்துக்கொள்வது இந்நோய்க்குப் போதாது. அறவே விட வேண்டும். அழுகல் தோன்றுமுன் விட்டவர்களில் காலை இழந்தவர் மிகச் சிலரே.