பெயர் அறியாத ஒருவர் தீட்டிய கிராமங்கள்

ஐரோப்பிய வாணிபத்தின் கேந்திரமாக விளங்கிய ஆண்ட்வெர்ப் நகரில், ‘நான்கு காற்றுகள்’ என்ற பெயரோடு அச்சுச் சித்திரசாலை நடத்திவந்த ஹிரோனிமஸ் காக், 1559-லும் 1561-லுமாக 44 சிறு சித்திரங்களை வெளியிட்டார். ‘சிறு நிலக்காட்சிகள்’ என்று கலைச் சரித்திரம் குறிப்பிடும் அவற்றில் தேவதூதர்களோ, தவசிகளோ, வெற்றிவாகை சூடிய மன்னர்களோ இல்லை. கூரை வேய்ந்த குடிசைகளும், வேலியோரமாக வளைந்து செல்லும் வண்டிப்பாதையும், குளத்தங்கரை மரங்களும், தம் வேலையாகப் போகும் ஓரிரு மனிதர்களுமே அவற்றின் விஷயம்.

அதற்கு முன்பு, யோவாகிம் பாட்டினிர் போன்ற பிளெமிய மேதைகள் நிலக்காட்சி வரைந்தபோது, வானில் வட்டமிடும் பருந்தைப்போல் உயரத்தில் நின்று, மலையும் நதியும் கடலும் ஒருங்கே தெரியும் விசாலமான உலகத்தைப் படைத்து, அதில் ஒரு வேதாகமக் கதையைப் பொருத்திவைத்தார்கள். காக் வெளியிட்ட சித்திரங்களை வரைந்த, பெயர் அறியாத நம் சித்திரக்காரரோ தரைக்கு இறங்கிவந்து, கிராமத்துத் தெருவிலேயே நின்று, அடிவானத்தைத் தம் கண்மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டார். கண்டதைக் கண்டபடி வரைவதே போதிய காரியம் என்று அந்நாளில் ஒருவர் துணிந்ததை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

அவருடைய கோட்டுருவங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றியவர்கள் யோவான்னஸ், லூக்காஸ் என்ற டூட்டெகும் சகோதரர்கள். தகட்டின்மீது மெழுகுப் பூச்சிட்டு, அதில் ஊசியால் கோடு கிழித்துத் திராவகத்தில் இட்டால், ஊசி பட்ட இடத்தை மட்டுமே திராவகம் அரித்துப் பள்ளமாக்கும்; அப்பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து யந்திரத்தில் அழுத்த, சித்திரம் காகிதத்தில் பதிந்துவிடும். உலோகத்தை உளியால் செதுக்கும் முறையில் இல்லாத சரளம் இதில் உண்டு. இலையின் அசைவையும் கூரையின் சொரசொரப்பையும் அந்தச் சரளமே தந்தது.

பின்னர் ஸ்பானிய ஆட்சிக்கெதிரான நெடும்போர் மூண்டு, ஆண்ட்வெர்ப் 1585-ல் வீழ்ந்தது; சுற்றுப்புறக் கிராமங்கள் பல பாழாயின. 1612-ல் ஆம்ஸ்டர்டாமில் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் இச்சித்திரங்களைப் பார்த்து மீண்டும் பொறித்து, அவற்றைப் புகழ்பெற்ற பிளெமிய ஓவியரான மூத்த ப்ரூகலின் படைப்பென்று வெளியிட்டார். டச்சு நிலக்காட்சிக் கலை செழித்து வளர்ந்த காலத்தில் அவை அங்கே பரவின. மூலச் சித்திரக்காரர் யாரென்பது இன்றும் நிச்சயமாகவில்லை. ஆயினும், தம் ஊர்ப்புறத்தை அதன் பொருட்டே நேசித்து வரைந்த அம்மனிதருக்கு, ப்ரூகலுக்கு அருகிலேயே ஆசனம் அளிக்க வேண்டும் என்பது என் துணிபு.